கத்திரிக்காய், எருமை, டேபிள் ஃபேன்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காய் வாங்கப் போய் வெண்டைக்காயோடு திரும்பினேன். வெண்டைக்காய் மூளைக்கு நல்லது என்கிறார்கள். அது உண்மையானால் எங்கள் வீட்டு மூளைகள் இந்நேரம் கூரையைப் பெயர்த்திருக்க வேண்டும்.

மதியம் ஏழாம் அறைக்கு இஞ்சியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவளுடைய முழுப் பெயரை இன்றுதான் பார்க்கிறேன்: ஆவுடைச்செல்வி. இவ்வளவு கம்பீரமான பெயருள்ளவளை ஐந்து வருடமாக ஒரு கிழங்கின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பின்னாளில் இந்த டைரியை ஆராயப்போகும் அறிஞர்களுக்காக ஒரு குறிப்பு. ஏழாம் அறை என்பது அறை அல்ல. ஊரடங்குக் காலத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஆன்லைனில் பாடம் நடத்திய ஒரு சார், சந்தேகங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி மாணவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து அடைத்தார். ஏழாவதில் அடைபட்டவர்கள் நாங்கள். நால்வரும் கேமராவையும் மைக்கையும் அணைத்திருந்தோம். முகம் இருக்கவேண்டிய வட்டங்களில் ஓர் இஞ்சித் துண்டு, ஓர் எருமை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு கத்திரிக்காய். எழுத்தில் பேச ஆரம்பித்தோம். சார் பாடத்தை முடித்த பிறகும் நாங்கள் முடிக்கவில்லை. நால்வரில் ஒருவர்கூட டாக்டராகவில்லை. நாட்டின் உடல்நலத்துக்கு எங்களால் முடிந்தது.

குழுவுக்கு ஒரே விதி: படம் கூடாது, குரல் கூடாது. அதை யார் போட்டது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. நான்தான் போட்டேன்.

கத்திரிக்காய் நான். குழுவில் என் பட்டப்பெயர் வக்கீல். இதுவரை எந்த வாதத்திலும் தோற்றதில்லை.

பத்திரிகைக்குக் கீழே இஞ்சி எழுதியிருந்தாள்: "மூணு பேரும் வரலைன்னா தாலி கட்ட விடமாட்டேன், பாத்துக்கிடுங்க." கல்யாணம் 31ஆம் தேதி, சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சிற்றூரில்.

நான் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தேன். பொம்மை எதற்கும் சம்மதிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் பதில் சொல்வது என் வேலை. "காத்திருந்தமைக்கு நன்றி" என்று இன்று எத்தனை பேருக்கு எழுதினேன் என்று தெரியாது. அவர்கள் யாரும் விரும்பிக் காத்திருந்தவர்கள் அல்லர்.

அப்பா அடுத்த அறையிலிருந்து "அலைபேசியால் அழியும் இளைய தலைமுறை" என்ற கட்டுரையை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். நேரில் வந்து கொடுக்கலாம். ஆறடி தூரம்தான். கட்டுரைக்குக் கீழே ஆடும் ரோஜாப்பூ ஒன்றும் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

கல்யாணத்துக்குப் போகாமலிருக்க லீவு கிடைக்காது என்ற காரணத்தை வைத்திருந்தேன். கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். நல்ல மேலாளர்கள் இருக்கும் இடத்தில் பிழைப்பது கடினம்.

இனி காய்ச்சல்தான் வரவேண்டும். அதற்கு முன்னால் இதை ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

எனக்குத் திக்கும். எழுதியாகிவிட்டது. எழுதும்போது திக்குவதில்லை, அதுதான் விஷயமே.

க, த, ப மூன்றும் எனக்கு எதிரிகள். மனம் பதறினால் மற்ற எழுத்துகளும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்ளும். என் பெயர் தில்லைநாயகி. சிதம்பரத்தில் பிறந்த பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? யாராவது பெயர் கேட்டால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். காய்க்கடையில் "க" என்று நின்றால் கடைக்காரர் உதவிக்கு வருவார்: கேரட்டா, கருணையா, கோஸா? பின்னால் நிற்பவர்களும் உதவுவார்கள். மனிதர்கள் நல்லவர்கள். அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைப்பதற்காகவே சிலர் வெளியே வருகிறார்கள். வ-வில் எனக்குத் தகராறு இல்லை. ஆகவே வெண்டைக்காய். சொல்ல முடியாத காயைக் குழுவில் பெயராக வைத்துக்கொண்டேன்.

ஏழாம் அறையின் கத்திரிக்காயோ பேச்சில் கொட்டும் மழை. அவர்களுக்குத் தெரிந்தது அவளைத்தான். அவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போக எனக்கு வழி தெரியவில்லை. போய் நின்று நான் வாயைத் திறந்தால் அவர்கள் ஒரு தோழியை இழப்பார்கள். நான் மூன்று பேரை இழப்பேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இஞ்சிக்குக் கோபம். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைக்கப்போகிறார்களாம். ஒன்றில் மாப்பிள்ளை சிங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார், கீழே கருப்புக் கண்ணாடி போட்ட நண்பர்கள் வரிசையாக நிற்கிறார்கள். "பொண்ணுக்கு வாழ்த்துச் சொல்ல ஒருத்தருமில்லையான்னு அவிய அத்தை கேக்காவ" என்று எழுதியிருந்தாள்.

ஏழாம் அறை கொதித்தது. எருமை நான்கு பத்தி எழுதினான். கோயம்புத்தூர்க்காரன். எதற்கும் நான்கு பத்தி எழுதுவான், நான்காவது பத்தி எப்போதும் நன்றாக இருக்கும். ராயபுரத்து டேபிள் ஃபேன் வழக்கம்போல் "ம்" என்றாள். பேனர் வைப்பது என்று முடிவாயிற்று. வாசகம் எழுதும் பொறுப்பு வக்கீலுக்கு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இஞ்சியின் ஊரில் உள்ள ஃப்ளெக்ஸ் கடைக்காரரை வாட்ஸாப்பில் பிடித்தேன். வாழ்த்துபவர்களின் படம் வேண்டும் என்றார். எங்களிடம் இருப்பது வட்டப் படங்கள்தான். அவற்றை அனுப்பினேன், நடுவில் பெரிதாக இஞ்சி வரவேண்டும் என்ற குறிப்போடு. வாசகம்: "எங்கள் இஞ்சிக்கு வாழ்த்துகள். உரித்தாலும் நசுக்கினாலும் காரம் போகாது. அன்புடன்: கத்திரிக்காய், எருமை, டேபிள் ஃபேன்."

கடைக்காரர் உடனே போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். மறுபடி எடுக்கவில்லை. எல்லாம் அனுப்பிய செய்தியிலேயே இருக்கிறது, அப்படியே அடியுங்கள் என்று எழுதினேன். கட்டைவிரல் வந்தது.

போன் இல்லாமலே உலகத்தை நடத்த முடியும் என்பதற்கு இன்னொரு சான்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

எருமை தனியாக எழுதினான்: "நீ வரலைன்னா நானும் போகலை." ஒரே வரி. அவனிடமிருந்து ஒரு வரி வருவது இதுவே முதல் முறை.

பஸ் டிக்கெட் எடுத்தேன். இஞ்சிக்காக.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில் அனுமதி கேட்டேன். முகம் தெரியாதவர்களோடு பழகுவது ஆபத்து என்று அம்மாவும் அப்பாவும் ஒருமனதாகச் சொன்னார்கள். அப்பாவின் முகத்தை முதன்முதலில் மணவறையில்தான் பார்த்தேன் என்று அம்மா பெருமையாகச் சொல்லாத தீபாவளி கிடையாது. அதை நினைவூட்ட நினைத்தேன். "அ" என்று ஆரம்பித்ததுமே அம்மா "அவங்க அப்பா என்ன வேலைன்னுதானே சொல்ல வர்றே?" என்றார். தலையாட்டினேன். இஞ்சியின் அப்பா தலைமையாசிரியர். தலைமையாசிரியர் வீட்டுப் பெண்ணுக்கு முகம் தேவையில்லை. அனுமதி கிடைத்தது.

ஆகஸ்ட் 27, புதன்

காய்ச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 30, சனி. மண்டபத்தின் மாடி அறை

மதியம் இந்த ஊர்ப் பஸ் நிலையத்தில் இறங்கினேன். பெஞ்சில் ஓர் ஒல்லிப் பையனும் ஜிமிக்கி போட்ட ஒரு பெண்ணும் ஆளுக்கொரு முனையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். "வந்துட்டேன், நீங்க எங்க?" என்று குழுவில் எழுதினேன். என் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

மூவரும் தலையைத் தூக்கவில்லை. குழுவிலேயே தொடர்ந்தோம். "நீதானா?" "நான்தான்." "பச்சை துப்பட்டாவா?" "ஆமா." "பக்கத்துல பாக்காதே, வெக்கமா இருக்கு." எதிரே டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர் இன்னொருவரிடம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் மனுஷனிடம் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரிதான். பக்கத்தில் இருந்தவர்களோடு எங்களால் பேச்சை நிறுத்தவும் முடியவில்லை.

ஜிமிக்கிதான் முதலில் வாய் திறந்தாள். அவள் டேபிள் ஃபேன், பெயர் ரோஸ்லின். ஐந்து வருடமாக "ம்" என்பதற்குமேல் எழுதாதவள், சுவிட்சைப் போட்டதும் நிற்கவேயில்லை. தமிழ் டைப்பிங் அவளுக்கு வராதாம். தப்பாக அடித்தால் வக்கீல் கிண்டல் செய்வாள் என்று பயமாம். எருமைக்கு மிதுன்ராஜ் என்று பெயர். நான்கு பத்தி ஆசாமி நேரில் "ஏனுங்க" என்றதோடு சரி. காது மட்டும் சிவந்தது. அவன் பெயருக்கு ஏற்ற உடம்பு இல்லை. இதை ஒரு தகவலாக மட்டுமே எழுதுகிறேன்.

என் முறை வந்தது. போனில் எழுதிக் காட்டினேன்: "தொண்டை கட்டியிருக்கிறது. பேச வராது."

இதன் விளைவை நான் யோசித்திருக்கவில்லை. மண்டபத்தில் இஞ்சி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வட்ட முகம், பெரிய குரல், நான் கற்பனை செய்ததைவிடக் குட்டை. தொண்டைச் செய்தி கேட்டதும் அவளுடைய சித்தி ஒருவர் கஷாயம் கொண்டுவந்தார். பிறகு இன்னொரு சித்தி. திருநெல்வேலிப் பக்கம் சித்திகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கஷாயத்திலும் இஞ்சி.

மூவரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், நான் போனில் பதில் எழுதினேன். நான் எழுதுவதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நாளை மாலை வரை தொண்டை தாங்கினால் போதும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. ஊர் திரும்பும் பஸ்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன். பஸ் குலுங்குவதால் எழுத்தும் திக்குகிறது.

காலையில் மண்டப வாசலில் எங்கள் பேனரைப் பார்த்தோம். நடுவில் இஞ்சி, பூசணிக்காய் அளவுக்கு. கீழே மூன்று வட்டங்களில் கத்திரிக்காய், எருமை, டேபிள் ஃபேன். நான் எழுதிய வாசகம் இருந்தது. அதற்குமேல் நான் எழுதாத ஒன்று சிவப்பில் இருந்தது: "மாபெரும் வெற்றி பெற வாழ்த்துகிறோம்." இரண்டு ஓரங்களிலும் கூப்பிய கைகள்.

ஊரில் வார்டு இடைத்தேர்தல் நடக்கிறது என்பதும், சுயேச்சை ஒருவருக்கு இஞ்சிச் சின்னம், இன்னொருவருக்குக் கத்திரிக்காய் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஊருக்கே தெரியும். கல்யாணப் பரபரப்பில் இஞ்சி வீட்டாருக்கு மட்டும் தோன்றவில்லை.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் வந்தது. பறக்கும் படை. ஓர் அதிகாரி, ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர். அந்த வீடியோக்காரரும் கல்யாண வீடியோக்காரரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். இஞ்சியின் அப்பா பட்டு வேட்டியோடு வந்து கும்பிட்டார். அதிகாரி கெட்டவர் அல்ல. நீங்கள் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், தேர்தலில் வாக்குச்சாவடிப் பணியும் உங்களுக்குப் போட்டிருக்கிறது, உங்கள் வீட்டு விசேஷத்தில் வேட்பாளர் சின்னமா என்று தணிந்த குரலில் கேட்டார். எழுதி அனுப்பினால் சஸ்பெண்ட் ஆகும் என்றும் சொன்னார். ஃப்ளெக்ஸ் கடைக்காரரை விசாரித்தாராம். இஞ்சியையும் கத்திரிக்காயையும் வட்டத்துக்குள் பார்த்ததும் தேர்தல் வேலையா விசேஷ வேலையா என்று கேட்க இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. தேர்தல்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இஞ்சியின் அப்பா முகம் வெளுத்துப்போயிற்று. நாகஸ்வரம் மட்டும் விஷயம் தெரியாமல் குஷியாகப் போய்க்கொண்டிருந்தது.

ரோஸ்லின் முன்னால் பாய்ந்தாள். "இன்னா சார், இஞ்சி ஜெயிக்கணும்னு நாங்கதான் வெச்சோம்" என்று ஆரம்பித்து, வழக்கை இன்னும் வலுவாக்கினாள். மிதுன்ராஜ் "இல்லீங்க சார்" என்றான். அதோடு அவன் வாதம் முடிந்தது.

நான் போனில் முழு விளக்கத்தையும் எழுதி அதிகாரியிடம் நீட்டினேன். அவர் படிக்கவில்லை.

"போனைக் காட்டாதீங்கம்மா. வாயால சொல்லுங்க, வீடியோல பதிவாகணும்."

கையில் கஷாய டம்ளர் இருந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டியிருக்கலாம். இஞ்சியின் அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன்.

"எ" வந்தது. அடுத்தது வரவில்லை.

"எலெக்‌ஷனா?" என்றார் அதிகாரி.

"எதிர்க்கட்சியாம்மா?" என்றார் இஞ்சியின் மாமா. போலீஸ்காரரும் ஏதோ உதவ வாயெடுத்தார். காய்க்கடையில் நிற்பதுபோல் இருந்தது. வெண்டைக்காய் என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது ரோஸ்லின் கையை உயர்த்தினாள். "சார், அவ டைப் பண்ணிக்கினு கீறா. வெயிட் பண்ணு சார்."

கேலியில்லாமல், இயல்பாக, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். எல்லோரும் அடங்கினார்கள். நான் ரோஸ்லினையும் மிதுன்ராஜையும் பார்த்தேன். இருவர் முகத்திலும் இரக்கம் இல்லை, சங்கடம் இல்லை. போனில் மூன்று புள்ளிகள் ஆடும்போது, என்ன வரப்போகிறதோ என்று பார்ப்போமே, அந்த முகம். ஐந்து வருடமாக நான் எழுதி முடிப்பதற்கு இந்த முகங்கள்தான் காத்திருந்திருக்கின்றன. எனக்குத்தான் தெரியவில்லை.

"எருமையை யாருக்கும் சின்னமாக் குடுக்க மாட்டாங்க சார். மிருகங்களைக் குடுக்கறதை நிறுத்தியாச்சு. லிஸ்ட்டைப் பாருங்க."

இங்கே எழுதியிருப்பதுபோல் அது ஒழுங்காக வரவில்லை. மூன்று இடத்தில் நின்றது. அதற்குள் நாகஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்து, இருமி, அடுத்ததை ஆரம்பித்தார். யாரும் எனக்காக முடித்துவைக்கவில்லை. எல்லா எழுத்தும் என்னுடையவை.

அதிகாரி பட்டியலை எடுத்தார். இஞ்சி இருந்தது, கத்திரிக்காய் இருந்தது. எருமை எங்கும் இல்லை.

"அப்ப எருமைங்கிறது யாரு?"

"நானுங்க" என்றான் மிதுன்ராஜ்.

"இஞ்சி?"

பின்னாலிருந்து கூரைப் புடவை சரசரக்க மணமகளே வந்துவிட்டாள். "நாந்தான் சார் இஞ்சி. தாலி கட்ட ஆள் காத்துக்கிட்டிருக்காவ, சட்டுனு சொல்லுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கத்திரிக்காயின் வாக்குமூலம் பதிவாகியிருப்பதால் பெயர் வேண்டும் என்றார். இந்த உலகத்தில் என்னிடம் கேட்கக்கூடாத ஒரே கேள்வி. "தி" என்றேன். "தி" என்றேன். இந்த முறை அதிகாரியே கையை உயர்த்தி மாமாவை அடக்கினார். தில்லைநாயகி முழுதாக வந்து சேர்ந்தபோது யாரோ ஒரு சித்தி கைதட்டினார்.

"காத்திருந்தமைக்கு நன்றி" என்றேன். அது மட்டும் தடையில்லாமல் வந்தது. தொழில் பழக்கம்.

இஞ்சியின் அப்பா மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் விதி விதிதான். "மாபெரும் வெற்றி"யின் மேலும், கூப்பிய கைகளின் மேலும், இஞ்சி, கத்திரிக்காய் மேலும் செய்தித்தாளை ஒட்டினார்கள். டேபிள் ஃபேனின் மேலும் ஒட்டினார்கள், சந்தேகத்தின் பேரில். எருமை எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆகவே அது மட்டும் தனியாக நின்று மணமக்களை வாழ்த்தியது. எல்லாப் படங்களிலும் விழுந்திருக்கிறது. சிங்கத்தின்மேல் மாப்பிள்ளை இருந்த பேனரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பறக்கும் படை சாப்பிட மறுத்துவிட்டது, விதிமுறை. பாயசம் சாப்பாடு அல்ல, குடிக்கும் பொருள் என்று மாமா வாதாடிப் பார்த்தார். அதிகாரி தண்ணீர் மட்டும் குடித்தார்.

தாலி கட்டி முடிந்ததும் இஞ்சி என்னை மணவறைக்கு இழுத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டினாள். "ஏட்டி, தொண்டை கட்டிருக்குன்னா சொன்னே? எங்க சித்திமாரு அத்தனை பேருக்கும் கஷாயம் காச்சியே கை ஓஞ்சு போச்சு." பிறகு காதருகே சொன்னாள்: "குழுவுலயும் நீ இப்படித்தானட்டி. டைப் பண்ணுவே, அழிப்பே, மறுபடி டைப் பண்ணுவே. நாங்க பாத்துக்கிட்டே இருப்போம். எங்களுக்கு என்ன புதுசா?"

பந்தியில் பக்கத்தில் மிதுன்ராஜ் உட்கார்ந்தான். அவன் பேசவில்லை, நான் பேசினேன். ரசத்தில் ஆரம்பித்த ஒரு வாக்கியம் மோரில் முடிந்தது. அவன் அப்பளத்தைக்கூட நொறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஏழாம் அறையின் விதியை நீக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தேன். ரோஸ்லின் உடனே ஒரு குரல் செய்தி அனுப்பினாள். கேட்டு முடிக்க மதியச் சாப்பாடு ஆயிற்று. எருமைக்கு மட்டும் படம் தேவையில்லை, ஏற்கனவே போதுமான அளவுக்கு வந்துவிட்டது.

மிதுன்ராஜ் அடுத்த மாதம் சிதம்பரம் வருகிறானாம், கோயில் பார்க்க. அவன் நாத்திகன். நான்கு பத்தியில் எழுதியிருந்தான். நான்காவது பத்தி நன்றாக இருந்தது.

அப்பா "இணைய நட்பின் ஆபத்துகள்" அனுப்பினார். ரோஜாப்பூ அனுப்பினேன்.

சாயங்காலம் காய்க்கடைக்குப் போனேன். "க" என்றேன். கடைக்காரர் "கேரட்டா?" என்றார். கையை உயர்த்தினேன். அவர் தராசைப் பிடித்தபடி நின்றார். பின்னால் நின்றவர்களும் நின்றார்கள். கத்திரிக்காய் வந்தது. ஒரு கிலோ வாங்கினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய். அம்மா எதுவும் கேட்கவில்லை, இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். நான் ஒரு வாய் வைத்தேன். சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. "உ" என்று ஆரம்பித்தேன். "உனக்கும் இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று அம்மா கரண்டியை எடுத்தார். கையை உயர்த்தினேன். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பாவின் போனும் கீழே இறங்கியது. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக இந்த வீட்டில் என் வாக்கியத்தை நானே முடித்தேன்.

"உப்பு கம்மி."